பாய்மரப் படகு பழகப் போகும் சேலத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் பார்க்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதனாலோ என்னவோ, பாய்மரப் படகு பழக வரும் சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கத்து ஆட்களிடம் ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான். தரையில் கை பழகிய பழக்கம்தான் காரணம். ஆபத்து என்றதும் கை எதையாவது இறுகப் பிடிக்கும், கால் பிரேக்கைத் தேடும். பாய்மரப் படகில் பிரேக் கிடையாது. விட வேண்டிய கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வார்கள், விடக்கூடாத படகை விட்டுவிட்டு நீந்துவார்கள். கீழே வருகிற தவறுகளில் சில இந்த இரண்டிலிருந்து முளைத்தவை.

கடற்கரை ஊரில் பிறந்தால்தான் இது கைவரும் என்பதும் ஒரு தவறான நினைப்பே. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ. 7 வகைப் படகில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். வேலூருக்கும் கடல் பக்கத்தில் இல்லை.

மிதிபடகு ஓட்டியதை அனுபவமாக எண்ணுவது

ஏற்காடு ஏரிப் படகு இல்லத்தில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு கிடைக்கும். மிதிபடகில் நாலு ரவுண்டு அடித்தவர்கள் "படகு ஓட்டத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு முதல் வகுப்புக்கு வருகிறார்கள். மிதிபடகு சொல்லிக்கொடுப்பது தலைகீழ்ப் பாடம்: போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்பு, மிதி, போய்ச் சேர். பாய்மரப் படகு காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போகவே போகாது. காற்று வரும் கோட்டுக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளுமே தவிர இழுக்காது.

அப்படியானால் காற்றுக்கு எதிரே உள்ள இடத்துக்கு எப்படிப் போவது? ஏற்காட்டுக்கு எப்படி ஏறுகிறோமோ அப்படித்தான். அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்குச் செங்குத்தாகச் சாலை போட முடியாது. இப்படிச் சாய்ந்து கொஞ்ச தூரம், கொண்டை ஊசியில் திரும்பி அப்படிச் சாய்ந்து கொஞ்ச தூரம். காற்றுக்கு எதிரே படகும் இதே கணக்கில்தான் ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் டாக் என்று பெயர். புதியவர்கள் செய்யும் தவறும் மலைச்சாலைத் தவறுதான். சீக்கிரம் ஏற வேண்டும் என்று படகின் மூக்கைக் காற்றுக்குள் அதிகமாகத் திருப்புவார்கள். உயர் கியரில் மேட்டில் ஏறும் வண்டி திணறுவதைப் போலப் படகும் திணறும். வேகம் செத்த பிறகு டாக் போடப் பார்த்தால் பாதித் திருப்பத்திலேயே நின்றுவிடும், பின்னால் நகரவும் தொடங்கும். வேகம் இருக்கும்போதுதான் திருப்ப வேண்டும். பாய் படபடத்தால் மூக்கைக் கொஞ்சம் காற்றிலிருந்து விலக்கி, படகு ஓடத் தொடங்கியதும் திரும்புங்கள்.

நின்றுவிட்டால் பதறித் துழாவ வேண்டாம். ஷீட்டைத் தளர விட்டு, சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை ஒரு பக்கமாகத் தள்ளி, பாயின் அடிக்கட்டையான பூமையும் அதே பக்கம் வெளியே தள்ளிப் பிடித்தால் படகு பின்வாங்கிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பும். பிறகு டில்லரை நேராக்கி ஷீட்டை இழுத்தால் ஓடும். ஷீட் என்பது பாயை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள கயிறு, பாயின் துணி அல்ல. இந்தக் குழப்பம் எல்லா வகுப்பிலும் ஒருவருக்காவது வரும்.

ஏரியில் உண்மையாகவே பயன்படுவது துடுப்புப் படகு. அதில் முதுகைக் காட்டித்தான் ஓட்ட வேண்டும். எதிரே தெரியும் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு அந்தக் கோடு உடையாமல் துடுப்புப் போடப் பழகுங்கள். படகு எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். துறைமுகத்துக்குள் நுழைவதும் இதே வித்தைதான்.

காற்றைத் தப்பான இடத்தில் பார்ப்பது

ஓட்டல் மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தும் மேகம் நகர்வதைப் பார்த்தும் காற்றைத் தீர்மானிப்பது பரவலான தவறு. மேகம் ஓடும் உயரத்துக் காற்று வேறு, தண்ணீர் மேல் ஓடும் காற்று வேறு. மலை சூழ்ந்த ஏரியில் இரண்டும் எதிரெதிராக இருப்பதும் உண்டு.

ஏற்காட்டு ஏரியைப் போன்ற இடத்தில் காற்று நிலையாக வீசாது. கரையோர மரங்கள் காற்றை மறைக்கும். 20 மீட்டர் சில்வர் ஓக் வரிசை ஒன்று, காற்று போகும் பக்கத்தில் 200 மீட்டருக்கும் அப்பால் வரை காற்றைக் கலைத்துவிடும். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம். மரங்களின் இடைவெளியில் புகுந்த காற்று மட்டும் திடீரென்று ஓங்கி அடிக்கும். மரத்துக்கு முன்னால், காற்று வரும் பக்கத்திலும் கொஞ்ச தூரம் அது மேலெழும்பித் தளர்ந்திருக்கும்.

இதை எப்படிப் படிப்பது? தண்ணீரைப் பாருங்கள். காற்று படும் இடத்தில் நீர்ப்பரப்பு சிலிர்த்து, கருத்துத் தெரியும். காற்றில்லாத இடம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அந்தக் கருப்புத் திட்டு உங்களை நோக்கி நகர்ந்து வந்தால் அடுத்த சில நொடிகளில் ஓங்கல், அதாவது திடீரென்று ஓங்கி வீசும் காற்று, அடிக்கப் போகிறது. வெயில் நாளில் கண்கூசும் என்பதால் பலர் காற்று வரும் பக்கம் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். கருப்புக் கண்ணாடி போடுங்கள். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டாவிட்டால் அது முதல் நாளே ஏரிக்குச் சொந்தம். கண்ணை நம்ப முடியாதபோது காதை நம்பலாம். முகத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே அளவில் கேட்கும் திசைதான் காற்று வரும் திசை.

இன்னொன்று: படகு ஓடும்போது பாய்மர உச்சியில் உள்ள சிறு கொடி காட்டுவது உண்மைக் காற்று அல்ல. காற்றும் படகின் ஓட்டமும் கலந்த காற்று அது. பைக் ஓட்டும்போது காற்றே இல்லாத நாளிலும் முகத்தில் காற்று அடிக்கிறதே, அந்தக் கதைதான். பாயைச் சரிசெய்யக் கொடியைப் பாருங்கள். காற்று மாறியதா என்று அறியத் தண்ணீரைப் பாருங்கள்.

ஓங்கல் காற்றில் ஷீட்டை விடாமல் இருப்பது

காற்றின் வேகம் கொஞ்சம் கூடினால் பாயின் மேல் விழும் விசை நிறையக் கூடும், வேகத்தின் இருமடிக் கணக்கில். 10 நாட் காற்று 14 நாட் ஆனால் விசை ஏறத்தாழ இரட்டிப்பு. 20 நாட் ஆனால் நான்கு மடங்கு. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். புதிதாகப் பழகுகிறவருக்கு 4 முதல் 10 நாட் வரை போதும். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று என்றால் தரையில் ஒன்றும் தெரியாது, சட்டை படபடக்கும், அவ்வளவுதான். இந்த எண்ணைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஓங்கல் வந்து படகு சாயும்போது செய்ய வேண்டியது இரண்டு: ஷீட்டை ஓரடி, இரண்டடி விடுவது, உடம்பைப் படகின் உயர்ந்த விளிம்புக்கு வெளியே சாய்ப்பது. நடப்பதோ வேறு. கை ஷீட்டை இன்னும் இறுக்கும், உடம்பு உள்ளே சுருங்கும், மற்றக் கை டில்லரை மார்போடு இழுத்துப் பிடிக்கும். சாய்ந்த படகு தானாகவே காற்று வரும் பக்கம் திரும்பப் பார்க்கும். டில்லர் கனப்பது அதனால்தான். டில்லர் கனத்தால் டில்லரோடு மல்லுக்கட்டாமல் பாயைத் தளர்த்துங்கள். சுக்கானைக் குறுக்கே போட்டு இழுப்பது தண்ணீரில் பலகையைக் குறுக்கே வைப்பது மாதிரி, படகை நிறுத்துமே தவிரத் திருப்பாது.

ஷீட்டை விரல்களில் சுற்றிக்கொள்வது, காலில் சிக்க விடுவது, கை வலிக்கிறது என்று எங்காவது முடிச்சுப் போட்டு வைப்பது எல்லாம் ஒரே தவறின் வேஷங்கள். கயிற்றின் கடைசி முனையில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று இருக்கலாம், கப்பியிலிருந்து கயிறு முழுதாக உருவிப் போகாமல் தடுக்க. வேறெங்கும் முடிச்சு வேண்டாம்.

டில்லர் பற்றி ஒரு வரி: வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். பைக் ஹேண்டில்பார் பழகிய கைக்கு இது ஒரு வாரம் தொல்லை கொடுக்கும். "எங்கே போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம்" என்று மனப்பாடம் செய்வதைவிட, டில்லரைப் பாயை நோக்கித் தள்ளினால் படகு காற்றுக்குள் திரும்பும், பாயை விட்டு இழுத்தால் காற்றிலிருந்து விலகும் என்று பழகுவது நல்லது. இடம் வலம் மறந்துபோகும். பாய் எப்போதும் கண்முன் இருக்கும்.

ஜைப்பில் தாமதிப்பது

காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்போது பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவது ஜைப். பாயின் அடிக்கட்டையான பூம் தலைக்கு மேல், சில நேரம் தலைமேலேயே, ஒரே வீச்சில் கடக்கும். பழகுமுன் காயம் படுவது பெரும்பாலும் இங்கேதான்.

எல்லோரும் செய்யும் தவறு, வேகமாகப் போகிறதே என்று பயந்து படகு மெதுவாகும் வரை காத்திருந்து ஜைப் போடுவது. அது நேர் எதிர். காற்றோடு போகும் படகு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் பாயின் மேல் காற்று படும். 15 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் ஓடினால் பாய் உணர்வது 9 நாட். அலையில் மூக்கு குத்திப் படகு நின்றால் முழு 15 நாட்டும் பாயில் இறங்கும். ஆகவே அலையில் சறுக்கி வேகமாக ஓடும் அந்த நொடிதான் சரியான நொடி.

ஐ.எல்.சி.ஏ. போன்ற ஒருவர் படகில் வரிசை இப்படி. முதலில் போகப் போகும் பக்கம் வேறு படகு, வலை, மிதவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகையான டாகர்போர்டைக் கொஞ்சம் தூக்கலாம். அதிகம் தூக்கினால் பூமும் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறும் அதில் மாட்டி, படகு அங்கேயே கவிழும். பிறகு "ஜைப்" என்று உரக்கச் சொல்லி, டில்லரை மெதுவாக இழுத்து, பின்புறம் நேராகக் காற்று வரும்வரை திருப்ப வேண்டும். ஷீட்டில் ஒரு வெடுக்கென்ற இழுப்பு. பூம் நகரத் தொடங்கும்போது குனிந்து மறுபக்கம் போக வேண்டும். பூம் நடுவைத் தாண்டிய அதே கணத்தில் டில்லரை நேராக்க வேண்டும். இந்தக் கடைசி அடியைத்தான் விட்டுவிடுகிறார்கள். பூமிலிருந்து தப்பித்த நிம்மதியில் டில்லர் திரும்பியபடியே இருக்க, படகு சுழன்று காற்றுக்குக் குறுக்கே நின்று கவிழும்.

எதிர்பாராத ஜைப்புக்கு முன் ஓர் அடையாளம் உண்டு: கையில் இறுக்கமாக இருந்த ஷீட் திடீரென்று தளரும், பாயின் வெளி ஓரம் உள்பக்கம் மடிந்து துடிக்கும். உடனே டில்லரைப் பூம் இருக்கும் பக்கம் தள்ளுங்கள், தலையைத் தாழ்த்துங்கள்.

கவிழ்ந்ததும் படகை விட்டு நீந்துவது

சின்னப் படகு கவிழ்வது விபத்தல்ல, பாடத்தில் ஒரு பகுதி. கரை பக்கத்தில்தானே என்று நீந்தப் புறப்படுவதுதான் விபத்து. தண்ணீரில் கரை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிட தூரம். மீட்புப் படகிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைப் படகு தெரியும், கருப்புத் தலை தெரியாது.

ஐ.எல்.சி.ஏ. உடல்கூடு மட்டும் 59 கிலோ, நீளம் 4.2 மீட்டர். ஒருவர் தனியாக நிமிர்த்திவிட முடியும், வரிசை மாறாமல் செய்தால். விழுந்தவுடன் தலையை வெளியே எடுத்து, படகில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். இருவர் படகென்றால் முதலில் மற்றவர் பெயரைக் கூப்பிடுங்கள். பாய், பூம் உள்ள பக்கமாகப் படகில் ஏற முயலாதீர்கள். உங்கள் எடை பாய்மரத்தை அமுக்கி, படகு முழுதாகத் தலைகீழாகிவிடும். ஷீட்டைப் பூட்டிலிருந்து கழற்றி விடுங்கள். அதை விடாமல் நிமிர்த்தினால் பாய் உடனே காற்றைப் பிடித்து மறுபடி கவிழ்க்கும். ஒருவர் மூன்று முறை கவிழ்ந்தார் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஷீட்டின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு பின்புறமாகச் சுற்றி அடிப்பக்கம் போய், டாகர்போர்டு முழுதும் வெளியே நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். படகின் மூக்கு முடிந்தவரை காற்றைப் பார்க்கட்டும்.

டாகர்போர்டின் நுனியில் ஏறி நிற்பது இன்னொரு தவறு, பலகை முறியும். படகை ஒட்டிய அடிப்பகுதியில் கால் வைத்து, விளிம்பைப் பிடித்து, பின்னால் சாயுங்கள். ஆட்டி உலுக்க வேண்டாம். பாயில் நிரம்பிய தண்ணீர் வழிய அரை நிமிடம் ஆகும். அதுவரை ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும், பொறுமையிழந்து குதிப்பவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பாய்மரம் மேலே எழத் தொடங்கியதும் விரைவாக நிமிரும், அப்போது உள்ளே கால் வைத்து ஏறிவிட வேண்டும்.

பிள்ளைகள் பழகும் ஆப்டிமிஸ்ட் வேறு மாதிரி. 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ, தொட்டி வடிவம். நிமிர்த்தினால் உள்ளே தண்ணீர் நிரம்பியிருக்கும். அள்ளி ஊற்றும் குவளை கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கவிழ்ந்த அன்று அது மட்டும் தனியே மிதந்து போயிருக்கும். உள்ளே உள்ள மூன்று காற்றுப் பைகளையும் இறங்குமுன் அழுத்திப் பார்க்காதது பெற்றோர், பயிற்சியாளர் இருவரின் தவறு. ஐ.எல்.சி.ஏ.வில் அதற்கு ஈடான மறதி, பின்பக்கத்தில் இருக்கும் வடிகால் மூடியைப் போடாமல் இறக்குவது. அரை மணி நேரத்தில் படகு கனத்து, ஏன் ஓடவில்லை என்று பாயைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கிணற்று நீச்சலும் தொளதொள ஜாக்கெட்டும்

சேலம் பக்கத்துக் கிராமத்து ஆட்களில் பலர் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். குதிப்பதிலும் மூழ்குவதிலும் கெட்டிக்காரர்கள். ஆனால் கிணற்றில் பத்துக் கை வீசினால் படி வந்துவிடும், தண்ணீர் அலையாது. கடலில் பிடிக்கச் சுவர் இல்லை, வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அலை வந்து அறையும். பயிற்சிக்குப் போகுமுன் உடுப்போடு 50 மீட்டர் நிற்காமல் நீந்தவும், மல்லாந்து மிதந்தபடி ஐந்து நிமிடம் மூச்சு விடவும் பழகிக்கொள்ளுங்கள். வேகம் தேவையே இல்லை.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் யாரையாவது தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தண்ணீரிலும் ஏறும், முகத்தை மறைக்கும். தொடைகளுக்கு நடுவே போகும் பட்டையைக் கூச்சத்தால் மாட்டாமல் விடுகிறார்கள். அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும். வாங்கும்போது நியூட்டன் எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்து, பக்கத்தில் உதவி உள்ளவருக்கு. மயங்கியவரை முகம் மேலே இருக்குமாறு திருப்பும் வேலையை எதிர்பார்த்தால் 100, 150 நியூட்டன் வேண்டும்.

கோடை இடியையும் மேட்டூரையும் லேசாக எடுப்பது

ஏப்ரல், மே மாதங்களில் சேர்வராயன் மலையில் பகல் முழுக்கப் புழுங்கிவிட்டு மாலையில் இடி கட்டும். மழைக்கு முன்பே மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தரையோடு பரவும். அதற்குச் சற்று முன் வீசிக்கொண்டிருந்த காற்று அப்படியே நின்றுபோகும். காற்று நின்றுவிட்டதே என்று நடு ஏரியில் உட்கார்ந்திருப்பது தவறு. அடுத்து வருவது எதிர்பாராத திசையிலிருந்து, இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் வரும். பாயை இறக்கித் துடுப்பால் கரை சேருங்கள். ஏரி நடுவே நிற்கும் அலுமினியப் பாய்மரம் மின்னலுக்கு அழைப்பு. இடிச் சத்தம் காதில் விழுந்தால் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்கக் கூடாது.

மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும் படகுக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். சொந்தப் படகை லாரியில் ஏற்றிப் போய், அனுமதி வாங்காமல் இறக்கிவிடாதீர்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஆனால் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மட்டம் குறையும்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெளியே தெரியும் நாள் ஆபத்தில்லை. நீருக்கு ஓரடி கீழே இருக்கும் நாள்தான் டாகர்போர்டுக்கும் சுக்கானுக்கும் கெட்ட நாள். அந்தத் தண்ணீரைத் தினமும் பார்க்கும் பரிசல்காரர் ஒருவரிடம் கேட்பது எந்த வரைபடத்தையும்விட மேல்.

கயிறு, உருக்கு, துணி

கடைத்தெருவில் கயிறு கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று நைலான் வாங்கிப் பாய் ஏற்றுவது தவறு. நைலான் நீளும். நங்கூரத்துக்கு அது நல்லது, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாயேற்றும் கயிற்றுக்கும் ஷீட்டுக்கும் நீளாத பாலியஸ்டர் வேண்டும். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும் என்பதால் இழுவைக் கயிறுக்குச் சரி, வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும்.

உருக்காலை உள்ள ஊர்க்காரர்கள் ஸ்டெயின்லெஸ் என்றால் துருப்பிடிக்காது என்று நம்புவது இயல்பு. வீட்டுப் பாத்திரமாகும் 304 ரகம் ஏற்காட்டு ஏரியில் ஆண்டுக்கணக்கில் பளபளக்கும். அதே போல்ட்டைச் சென்னைத் துறைமுகத்தில் மாட்டினால் சில வாரத்திலேயே தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறும், பிறகு உப்பு குளோரைடு குழி தோண்டும். சுமார் 2 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் கடலுக்கு. அதையும் அலுமினியப் பாய்மரத்தில் நேரடியாகத் திருகினால் உப்புத் தண்ணீர் நடுவே இருந்து அலுமினியத்தை அரிக்கும். இடையில் நைலான் வாஷர் வையுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் நாளை பார்க்கலாம் என்பவர்களின் படகுதான் முதலில் பழுதாகும்.

பாய்த்துணியைப் பற்றி நெசவு ஊரில் விளக்கவே தேவையில்லை. பாவு வழியாகவும் ஊடை வழியாகவும் இழுத்தால் துணி நீளாது, மூலைவாட்டில் இழுத்தால் நீளும். பாயின் துண்டுகள் இழுவிசைக்கு ஏற்பக் கோணம் பார்த்து வெட்டித் தைக்கப்பட்டவை. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடும்போது பாவின் திசை பார்க்காமல் தைத்தால் அங்கே பை மாதிரித் தொங்கும். பாயைக் காற்றில் படபடக்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் வெயிலைப் போலவே துணியைக் கெடுக்கும். சேலை மாதிரி ஒரே மடிப்பில் மடிக்காமல் உருட்டி வையுங்கள்.

குமட்டலுக்குக் கடைசி நேரத்தில் மாத்திரை

ஏற்காட்டு வளைவுகளில் பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வருபவர் வாந்தி எடுப்பார், டிரைவர் எடுப்பதில்லை. கண் சொல்வதும், உடம்பின் ஆட்டத்தை உணரும் உள்காது சொல்வதும் டிரைவருக்கு ஒத்துப்போவதுதான் வித்தியாசம். கடலிலும் குமட்டினால் கீழ் அறைக்குப் போய்ப் படுப்பது தப்பு. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி சுக்கானைப் பிடியுங்கள். மாத்திரை வேலை செய்ய நேரம் பிடிக்கும், புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரவைக்கும் என்பதால் டாக்டரைக் கேட்டு, முதலில் தரையில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி சரி, பரோட்டா வேண்டாம்.

சொல்லிக்கொடுப்பவர்கள் செய்வது

மாணவர் கையிலிருந்து டில்லரைப் பிடுங்குவது பயிற்சியாளரின் முதல் பாவம். ஒருமுறை பிடுங்கினால் அதன்பிறகு மாணவர் படகை விட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். மீட்புப் படகைக் காற்று போகும் பக்கம் நிறுத்திக் கத்துவதும் வீண், குரல் எதிர்க்காற்றில் போகாது. காற்று வரும் பக்கம் நின்று பேசுங்கள். ஆங்கிலக் கட்டளைகளை முதல் நாளே பத்துப் பதினைந்தாகக் கொட்டாதீர்கள். "விடு", "இழு", "குனி" என்ற மூன்றும் முதல் வாரத்துக்குப் போதும். டாக், ஜைப் எல்லாம் உடம்புக்குப் பழகிய பிறகு பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

உலகம் சுற்றும் கணக்கில் பிழை

நிலநடுக்கோட்டின் சுற்றளவு ஏறத்தாழ 21,600 கடல் மைல். 5 நாட் வேகத்தில் ஒரு நாளைக்கு 120 மைல், ஆக 180 நாள், ஆறு மாதத்தில் உலகம் சுற்றிவிடலாம் என்று தாளில் கணக்குப் போடுபவர்கள் உண்டு. வணிகக் காற்றோடு கிழக்கிலிருந்து மேற்கே போகும் வழக்கமான பாதையில் தென்பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர். அந்தந்தக் காலத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியிருப்பதால் இரண்டு மூன்று ஆண்டு ஆகிவிடும். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படையின் தாரிணி படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஆனால் அது தெற்கே போய், மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும் பாதை. நடுவில் நான்கு துறைகளில்தான் நின்றார்கள். விடுமுறைப் பயணத்துக்கு அந்தக் கால அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

புயலைப் பற்றியே யோசித்துவிட்டுத் தேய்மானத்தை மறப்பது அடுத்த தவறு. நாள்கணக்கில் ஒரே பக்கக் காற்றில் ஓடும்போது பாயேற்றும் கயிறு ஒரே புள்ளியில் கப்பியோடு உரசி அறும். தினமும் சில சென்டிமீட்டர் தளர்த்தியோ இறுக்கியோ உரசும் இடத்தை மாற்ற வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது கணக்கில் கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள், ஒரு கசிவோ உப்புக் கலப்போ போதும்.

பயிற்சியாளராகவோ கூலிக்குப் படகு கொண்டுபோய்ச் சேர்ப்பவராகவோ இதையே பிழைப்பாக்க நினைப்பவர்கள் சான்றிதழை அவசரமாகத் தேடுகிறார்கள். பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ. தரும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு உட்காரவே கடலில் 50 நாள், 2,500 மைல், 60 மைலுக்கு மேற்பட்ட 5 பயணங்கள் காட்ட வேண்டும், வி.எச்.எஃப். ரேடியோ, முதலுதவிச் சான்றும் கையில் இருக்க வேண்டும். அந்த மைல்களில் குறைந்தது பாதி ஓதம் ஏறி இறங்கும் கடலில் ஓட்டியதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் படிக்கிறார்கள். பதிவேட்டில் படகின் பெயர், நீளம், புறப்பட்ட துறை, சேர்ந்த துறை, மைல், இரவு நேரம், நீங்கள் என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்பதை எழுதி, கரை சேர்ந்த அன்றே படகின் தலைவரான ஸ்கிப்பரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அறைக்குப் போய்த் தூங்கினால், அவர் விடியற்காலையில் வேறு படகில் ஏறிப் போயிருப்பார்.